துணிவும் காப்பும்: கவிஞர் ஆதர் ஹியூ கிளவ்

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலம் இங்கிலாந்திலே செல்வம் பெருகிய காலம். சமய நம்பிக்கைகள் ஆட்டங்கண்ட காலமும் அதுவே. நம்பாததை நம்புவதாகச் சொல்லிப் பதவியிற் பாதுகாப்பாய் இருப்பதா, அன்றி உண்மையைச் சொல்லிப் பதவியை இழப்பதா என்னும் வினா அக்காலக் கற்றோர் பலரை வருத்தியது. அதனைத் தம் வாழ்விலும் கவிதையிலும் ஒருங்கே எதிர்கொண்டவர் ஆதர் ஹியூ கிளவ் ஆவர்.

1819இல் லிவர்பூலிற் பிறந்த கிளவ், றக்பிப் பாடசாலையிலே தோமஸ் ஆணல்டின் சிறந்த மாணாக்கராய் விளங்கினார். 1842இல் ஒக்ஸ்போட் ஓறியல் கல்லூரியின் உறுப்பினர் பதவி பெற்றார். அப்பதவியை வகிப்போர் ஆங்கிலத் திருச்சபையின் 39 விதிகளை ஏற்றுக் கையொப்பமிடல் வேண்டும். கிளவும் கையொப்பமிட்டார், ஆயின், நாளடைவில் அவருள்ளம் அதற்கு ஒப்பவில்லை. தந்தையார் 1844இல் இறந்துவிட்டமையால் தாயையும் தங்கையையும் பேணும் கடமை அவருக்கிருந்தது. அங்ஙனமிருந்தும், 1848இல் வேறு தொழில் கைவசமில்லாத நிலையிலேயே பதவியைத் துறந்தார்.

அவ்வாண்டே அவரது 'பொதி' என்னும் நெடுங்கவிதை வெளிவந்தது. ஸ்கொத்லாந்து மலைநாட்டுக்குச் செல்லும் ஒக்ஸ்போட் மாணவன் ஒருவன், குடியானவர் குலப் பெண்ணை மணந்து நியூசிலாந்துக்குக் கப்பலேறுகின்றான். துறந்தவரின் மகிழ்ச்சி அக்கவிதை முழுவதும் பொலிகின்றது.

1849இல் கிளவ் உரோமாபுரி சென்றார். மற்சினியின் குடியரசை ஒடுக்கப் பிரெஞ்சுச் சேனை நகரை முற்றுகையிட்ட காலம் அது. அங்கிருந்த அனுபவத்தினின்று பிறந்தது 'அமூர் து வொயாஜ்' என்னும் கடிதவடிவக் கவிதை. அதன் நாயகன் கிளோட், முந்தியவனுக்கு நேர்மாறானவன். போரிலே சேர்வதா என்று ஐயுறுகின்றான். மேரி என்பாளை விரும்புவது மெய்தானா என்றும் ஐயுறுகின்றான். அவள் குடும்பம் நகரை நீங்கியபின் ஊர்தோறும் தேடிச் சென்றும் காணாது, முயற்சியைக் கைவிடுகின்றான்.

துணிந்து பதவி துறந்தவர் இத்தகைய கோழையைப் படைத்ததேன்? ஊன்றி நோக்கின் இரண்டிற்கும் வேர் ஒன்றே என்பது புலனாகும். தெளியாததைத் தெளிந்ததாகக் கூறேன் என்னும் நேர்மையே ஓறியலில் துணிவாயிற்று. அதே நேர்மை, காதலிலும் போரிலும் முழுத்தெளிவு வருமளவும் காத்திருக்கச் செய்து செயலைக் கெடுத்தது. ஏனெனில், சில செயல்களிலே தெளிவு முன்னர் வருவதன்று, செய்தபின்னரே வருவது. அஞ்சுபவன் தன் அச்சத்துக்கு நேர்மை என்று பெயரிட்டுக்கொள்ளலும் கூடும். இவ்வுண்மையைத் தம்மையும் விலக்காது ஆராய்ந்தமையே கிளவின் பெருமை. அக்கவிதையை 1858வரை அவர் வெளியிடாதிருந்தமையும் ஈண்டு நினைத்தற்குரியது.

இலண்டனிற் பெற்ற விடுதித் தலைமைப் பதவி நிலைக்கவில்லை. 1852இல் அமெரிக்கா சென்று, மறுவருடம் மீண்டு, கல்வி அலுவலகத்திலே பரீட்சகரானார். 1854இல் இல்லறம் புகுந்தார். மனைவியின் உறவினரான புளோறன்ஸ் நைற்றிங்கேலின் பணிகளுக்கும் உதவினார். உத்தியோகமே அவர் கவிதையை அழித்தது என்பாருமுளர். அதில் ஓரளவு உண்மையுண்டு. நோயுற்று அலுவல் நீங்கிப் பயணஞ்செய்த 1861இல் அவர் மீண்டும் கதைக்கவிதைகள் இயற்றினார். ஆயினும், பிறரைப் பேணுதற்கு ஏற்ற காப்பினைப் பொய்யுரைத்துப் பெற்ற காப்புடன் ஒன்றாக எண்ணுதல் முறையன்று.

அவ்வாண்டு நவம்பரிலே இத்தாலியப் புளோறன்ஸ் நகரில், 42ஆம் வயதிற் கிளவ் காலமானார். 1871இல் இயற்றப்பட்ட சட்டம் ஒக்ஸ்போட்டில் பெரும்பாலான பதவிகளுக்கு அச்சமயக் கையொப்பத்தை நீக்கியது. கிளவ் போன்றோர் தனித்து நின்று இழந்தவற்றின் பயனைப் பின்வந்தோர் இழப்பின்றி நுகர்ந்தனர்.