எதிர்க்கேள்வி கேட்ட மாணவர்

நம் வீடுகளில் பிள்ளை எதையாவது மறுத்துச் சொன்னால் உடனே வரும் வார்த்தை, "எதிர்த்துப் பேசாதே." மாற்றுக் கருத்துச் சொல்வதற்கும் மரியாதை இல்லாமல் பேசுவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஒரு கருத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் கட்டுரை எழுதப் பழக்கினார்கள். வாயைத் திறந்து கேட்டால் மட்டும் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும்!

இரண்டும் வேறு என்று காட்டும் உரையாடல் ஒன்று 1924-ல் நடந்தது. அந்த ஆண்டு இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக டெல்லியில் காந்தியடிகள் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அது முடிந்து உடம்பு தேறிவந்த சமயம், சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். பெயர் ஜி. ராமச்சந்திரன். கேரளத்துக்காரர், வயது 20.

கலையைப் பற்றியும் பேசினார்கள், இயந்திரத்தைப் பற்றியும் பேசினார்கள். எல்லா இயந்திரத்துக்கும் நீங்கள் எதிரியா என்று கேட்டார் மாணவர். இந்த உடம்பே ஓர் இயந்திரம்தானே, எப்படி எதிர்ப்பேன் என்ற காந்தி, சிங்கர் தையல் மெஷினை விதிவிலக்காகச் சொன்னார். நாமாக இருந்தால் கும்பிட்டுவிட்டு எழுந்திருப்போம். அவர் எழவில்லை. தையல் மெஷின் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதில் பெரிய இயந்திரங்கள் ஓடுமே என்றார். ஆமாம் என்று காந்தி ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் நாட்டுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்கவேண்டும் என்றார். மகாதேவ தேசாய் எழுதிவைத்த இந்தப் பேச்சு அந்த நவம்பரில் 'யங் இந்தியா' பத்திரிகையில் வந்தது.

பெரியவர் சொன்ன பதிலையே கையில் எடுத்து அடுத்த கேள்வியாகத் திருப்பியிருக்கிறார், பாருங்கள். அதற்கு முதலில் பதிலைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். பெரியவரும் 'சின்னப் பையன்' என்று ஒதுக்கவில்லை.

அந்த மாணவர்தான் பின்னாளில் டாக்டர் சௌந்தரம் அம்மாளை மணந்து, 1947-ல் அவரோடு சேர்ந்து சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். 1976-ல் அது பல்கலைக்கழக நிலை பெற்றபோது முதல் துணைவேந்தரும் அவரே.

அவர்கள் கைக்கொண்ட கல்விமுறை, காந்தியின் ஆதாரக் கல்வி. அந்த முறையின் தாய்வீடான சேவாகிராமப் பள்ளியில் பிள்ளைகளே தங்களுக்குள் மந்திரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சமையலுக்கு ஒருவர், சுத்தத்துக்கு ஒருவர். இப்படிப்பட்ட ஏற்பாட்டில், வேலை சரியில்லை என்றால் கூட்டத்தில் எழுந்து சொல்லத்தான் வேண்டும். ஆனால் குறை சொன்னவனும் கேட்டுக்கொண்டவனும் மறுநாள் காலை ஒரே முற்றத்தைச் சேர்ந்து பெருக்கியாக வேண்டும். சொல்கிற விதம் அங்கேதான் படியும்.