கொழுப்பின் கதை

"அவனுக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்று யாரையாவது வைகிறபோதெல்லாம், பாவம், கொழுப்பைத்தான் நாம் அவமதிக்கிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. விஞ்ஞானிகளும் வெகு காலம் அதை மதிக்கவில்லை. அது பஞ்ச காலத்துக்கென்று உடம்பு சேர்த்துவைக்கும் இருப்பு. உணவில் இல்லாவிட்டாலும் சர்க்கரையிலிருந்து உடம்பே அதைச் செய்துகொள்ளும் என்பது அவர்களுடைய அபிப்பிராயம்.

1929-ல் அமெரிக்காவின் மினசோட்டா சர்வகலாசாலையில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதிகள் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத ஆகாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரைக்கோ புரதத்துக்கோ குறைவில்லை. ஆனாலும் எலிகளின் வளர்ச்சி நின்றது. வாலில் செதில் விழுந்தது. சிறுநீரகம் கெட்டு அவை மாண்டன. துளி கொழுப்பு கொடுத்ததும் தேறின. மறு வருஷமே அந்த உயிர்காக்கும் பொருள் லினோலியிக் அமிலம் என்று கண்டார்கள். நம் வீட்டு நல்லெண்ணெயில் தாராளமாக இருப்பதுதான் அது.

அந்த அமிலத்தால் உடம்புக்கு என்ன காரியம்? விடையில் ஒரு பகுதி ஸ்வீடனிலிருந்து வந்தது. அங்கே 1935-ல் வான் ஆய்லர் என்பவர் விந்துத் திரவத்தில் ஒரு பொருளைக் கண்டு, அது ப்ராஸ்டேட் சுரப்பியில் பிறப்பதாக எண்ணி, 'ப்ராஸ்டாகிளாண்டின்' என்று பெயர் வைத்தார். உண்மையில் உடம்பின் அநேகமாக எல்லாப் பாகங்களிலும் அது பிறக்கிறது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. பெர்க்ஸ்ட்ராம் என்பவர் ஆட்டுச் சுரப்பிகளை வைத்துக்கொண்டு பல வருஷம் பாடுபட்டார். 1964-ல் முடிச்சு அவிழ்ந்தது. எலிகளைக் காத்த அமிலத்தை உடம்பு அராக்கிடோனிக் அமிலமாக மாற்றி, அதிலிருந்தே ப்ராஸ்டாகிளாண்டினைச் செய்கிறது.

அடிபட்ட இடம் சிவப்பதிலும் வீங்குவதிலும் வலிப்பதிலும் இந்தப் பொருளுக்குப் பங்குண்டு. அதன் உற்பத்தியைத் தடுப்பதுதான் ஆஸ்பிரினின் வேலை என்று 1971-ல் லண்டனில் ஜான் வேன் காட்டினார். 1899 முதல் விற்பனையான மருந்தின் ரகசியம் அன்றுதான் வெளிப்பட்டது! 1982-ல் வேனுக்கும் பெர்க்ஸ்ட்ராமுக்கும் சாமுவெல்சனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் ப்ராஸ்டாகிளாண்டின் நமக்குச் சத்துருவா? அதுவும் இல்லை. இரைப்பையின் உட்புறத்தைக் காப்பதும் அதுவே. ஆஸ்பிரின் சிலருக்கு வயிற்றில் புண்ணை உண்டாக்குவதற்கு அதுவே காரணம். 2007-ல் பாஸ்டனில் லியோனார்ட் ஸான் குழுவினர் சின்னஞ்சிறு வரிமீன்களை ஆராய்ந்தபோது இன்னொரு விந்தை தெரிந்தது. இரத்த அணுக்கள் அனைத்துக்கும் விதையான மூல அணுக்களைப் பெருக்குவதும் இதே ப்ராஸ்டாகிளாண்டின் வகையில் ஒன்றுதான். அதன் உற்பத்தியைத் தடுத்தால் மூல அணுக்கள் குறைகின்றன.

வீட்டில் தீ மூட்டுகிறவனும் இடிந்த சுவரைக் கட்டுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் அவனை என்ன செய்வது? விரட்டவும் முடியாது, இஷ்டத்துக்கு விடவும் முடியாது. வலி மாத்திரையை அளவறிந்து விழுங்க வேண்டும் என்று வைத்தியர் சொல்வதன் பொருள் இதுதான்.