சொந்த நிலத்து மரத்தை விற்கும் முன்

பேராக்கில் இரண்டு மூன்று ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, பால் வற்றிய மரத்தை விற்பதும் ஒரு வருமானம். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரம் முன்பு விறகுக்குப் போனது. இன்று மேசை நாற்காலித் தொழிற்சாலைக்குப் போகிறது. 'என் நிலம், என் மரம், யாரைக் கேட்க வேண்டும்?' என்பார்கள். ஆனால், மரம் நிலத்தை விட்டு வெளியேறும் இடத்தில்தான் சட்டம் குறுக்கே நிற்கிறது.

1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி மரக்கட்டை, விறகு, கரி ஆகியவை எங்கிருந்து வந்தாலும் வனப் பொருள்களே. கிராண்ட் உள்ள நிலத்திலிருந்து அவற்றை வெளியே கொண்டுபோக உரிமம் வேண்டும், ரோயல்டி கட்ட வேண்டும் என்கிறது 40-ஆம் பிரிவு. லோரியில் ஏற்றிய மரத்துக்குப் பாஸ் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் மாவட்ட வன அலுவலகத்தை அணுகலாம். கட்டணம் மாநில விவகாரம். ஜொகூர் உறவினர் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று குத்தகையாளர் சொன்னாலும், உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு ஒரு நகலை வாங்கி வைப்பது நல்லது.

அதைவிடப் பெரிய சிக்கல் கிராண்டில் உள்ள பெயர். இறந்துபோன தாத்தா பெயரிலேயே நிலம் கிடக்க, ஒரு பேரன் முன்பணம் வாங்கிவிட்டால் மற்றவர்களோடு வழக்குதான் மிஞ்சும். 1955-ஆம் ஆண்டு சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்திலேயே பெயர் மாற்றத்துக்கு வழி உண்டு. மரம் பேசும் முன் அதை முடிக்க வேண்டும்.

தோட்ட லயங்களில் இருப்போருக்கு இது கசப்பான செய்தி: தேசிய நிலச் சட்டத்தில் 'நிலம்' என்ற சொல்லுக்குள் அதில் வளரும் மரஞ்செடிகளும் அடங்கும். நான்கு தலைமுறை நீரூற்றிய கோயில் வேம்பும், தோட்டம் கைமாறும்போது நிலத்தோடு போய்விடும்.

ஈப்போ போன்ற நகர எல்லைக்குள் வேறொரு கணக்கு. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டும் மரத்தை வெட்ட, 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்து தரும் மரத்துக்கும் விலக்கு உண்டு.

வெட்டிய இடத்தில் மீண்டும் ரப்பர் நடுவோர் ரிஸ்டாவிடம் மறுநடவு உதவி கேட்கலாம். மரம் நிற்கும்போதே கேட்பது உத்தமம். தேக்கு போன்ற வேறு மரம் நட நினைத்தால், முதலில் கிராண்டில் உள்ள நிபந்தனையைப் படிக்க வேண்டும். சில பழைய கிராண்டுகளில் பயிர் ரப்பர் என்றே எழுதியிருக்கும். அதை மாற்ற நில அலுவலகத்தில் தனி விண்ணப்பம் போட வேண்டும்.