பலேர்மோவில் ஒரு ஜப்பானிய ஆசிரியை



இத்தாலியிலிருந்து வந்து நமக்குச் சதுரகராதி தந்த வீரமாமுனிவரை அனைவரும் அறிவோம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்தவர், 1747இல் மறையும்வரை தாய்நாடு திரும்பவில்லை. இந்த மாதம் நான் சொல்லப்போவது எதிர்த்திசைப் பயணம். கிழக்கிலிருந்து இத்தாலிக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்து, 51 ஆண்டு கழித்து ஊர் திரும்பிய ஒரு பெண்ணின் கதை.

அவர் பெயர் கியோஹாரா தாமா. ஒதாமா என்று அழைப்பார்கள். 1861இல் எடோ நகரில் பிறந்தவர். 1868இல் அந்த நகருக்குத்தான் டோக்கியோ என்று பெயர் மாற்றினார்கள். மேல்நாட்டுக் கலைகளைத் தன் இளைஞர்கள் கற்க வேண்டும் என்று விரும்பிய ஜப்பான் அரசு, 1876இல் டோக்கியோவில் ஒரு கலைப் பள்ளி தொடங்கி, இத்தாலியிலிருந்து ஆசிரியர்களைச் சம்பளம் கொடுத்து அழைத்தது. சிற்பம் கற்பிக்க வந்தவர் வின்செஞ்சோ ரகூசா. சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோக்காரர். சிறு வயதிலேயே ஓவியம் பழகியிருந்த ஒதாமா, ரகூசாவுக்கு முன்மாதிரியாக அமர்ந்தார். அவரிடமே மேல்நாட்டு ஓவிய முறையையும் கற்றார்.

1882இல் ரகூசாவின் பணி முடிந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியே மூடப்பட்டது. ஊர் திரும்பும்போது ரகூசாவிடம் ஒரு திட்டம் இருந்தது. 'நான் ஜப்பானுக்குப் போய்க் கற்பித்தேன். இனி ஜப்பானியர் என் ஊருக்கு வந்து கற்பிக்கட்டும்' என்பதுதான் அது. ஒதாமாவும், தையல் வேலையில் தேர்ந்த அவருடைய அக்காவும், அக்காவின் கணவரும் அவருடன் கப்பல் ஏறினார்கள். 1884இல் பலேர்மோவில் கலைத்தொழில் பள்ளி தொடங்கியது. அக்கா பூத்தையல் கற்பித்தார். அவர் கணவர் 'உருஷி' என்னும் மரப்பால் பூச்சு வேலையைக் கற்பித்தார். ஒதாமா ஓவியம் கற்பித்தார்; மாணவிகள் பிரிவையும் கவனித்துக்கொண்டார்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஒரு பள்ளி என்றால் பாடத்திட்டத்துக்கு முன் செலவுப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். உருஷி என்பது ஒரு மரத்தைக் கீறி எடுக்கும் பால். பல முறை மெல்லிதாகப் பூசி, ஒவ்வொரு முறையும் இறுகவிட வேண்டும். அது வெயிலில் காய்வதில்லை. காற்றின் ஈரத்தில்தான் இறுகும். அந்த மரம் சிசிலியில் இல்லை. பாலோ கப்பலில் வர வேண்டும். மாணவர் கையில் வித்தை ஏறினாலும் மூலப்பொருளுக்கு எங்கே போவது? அந்தப் பிரிவு நிலைக்கவில்லை. அக்காவும் அவர் கணவரும் சில ஆண்டுகளில் ஜப்பானுக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஒதாமா மட்டும் தங்கினார். 1889இல் ரகூசாவை மணந்தார். எலியோனோரா ரகூசா என்பது அவருடைய புதுப் பெயர். அக்கா போன பிறகு வீட்டில் தாய்மொழி பேச ஆள் இல்லை. வகுப்பறையில் இத்தாலிய மொழி, கடைத்தெருவில் சிசிலிப் பேச்சு. 1927இல் கணவர் இறந்தார். 1931இல் ஜப்பானிய நாளிதழ்களில் அவர் வாழ்க்கை தொடர்கதையாக வந்தபோதுதான் அவரை மறந்திருந்த தாய்நாடு நினைத்துப் பார்த்தது. 1933இல் உறவுப் பெண் ஒருத்தி வந்து அழைத்துப்போனார்.

டோக்கியோவில் இறங்கிய அந்த 72 வயது அம்மையாருக்கு ஜப்பானிய மொழி பேசுவதே கடினமாகிவிட்டிருந்தது. அவர் விட்டுப்போன நகரமும் இல்லை. 1923 நிலநடுக்கத்திலும் தீயிலும் பெரும்பகுதி அழிந்து, புதிதாக எழுந்திருந்தது. அங்கும் ஓவியம் வரைந்துகொண்டிருந்து 1939இல் காலமானார். பின்னாளில் அவர் சாம்பலில் ஒரு பகுதி பலேர்மோவில் கணவரின் கல்லறைக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டு ஊரும் அவரைப் பங்கிட்டுக்கொண்டன. பலேர்மோவின் அரசுக் கலைப் பள்ளி இன்றும் ரகூசா, ஒதாமா இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

இதே பலேர்மோவில் 1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் குடியேறி வாழ்கிறார்கள். பெல்லெக்ரினோ மலையில் உள்ள புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, இந்துக்கள் கிறிஸ்தவர்கள் என்ற பேதம் பாராமல் நடந்து ஏறுகிறார்கள். ஒதாமாவுக்குக் கிடைக்காத ஒன்று இவர்களுக்கு இருக்கிறது: தாய்மொழி பேச அண்டை வீட்டார்.

என் அக்கா மகளும் வெளிநாட்டில் ஆசிரியைதான். சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, "மாமா, அம்மா அரிசி புடைப்பாளே, அதற்கு என்ன பெயர்?" என்று கேட்டாள். "முறம்" என்றேன். சிரித்தாள். அவள் மறந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. நாள் முழுவதும் பிறர் பிள்ளைகளுக்குப் பிறர் மொழியில் சொல்லிக்கொடுப்பவருக்கு, தன் மொழியில் பேச மாலையில் ஒருவர் வேண்டும்.

ஒதாமா பலேர்மோவுக்குக் கொடுத்தது ஒரு பள்ளியின் பெயராக நிற்கிறது. அதற்காக அவர் இழந்தது எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. வரவையும் செலவையும் ஒரே பக்கத்தில் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். உங்கள் வீட்டுப் பிள்ளை எவரேனும் வெளிநாட்டில் ஆசிரியப் பணியில் இருந்தால், இந்த ஞாயிறு நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். விசேஷச் செய்தி ஒன்றும் வேண்டாம். சாப்பாட்டைப் பற்றிப் பேசினாலே போதும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.