வாரிங்டனின் நத்தைகள்

வீட்டில் நன்னீர் மீன்தொட்டி வைத்திருக்கும் எவரும் அந்தப் பச்சைப் படலத்தை ஒருநாள் சந்தித்தே தீரவேண்டும். கண்ணாடியில் மெல்லிய வழவழப்பாகத் தொடங்கும். பிறகு செடிகளின் இலைகளில் நூல்நூலாகத் தொங்கும். சில வாரங்களில் உள்ளே மீன் இருக்கிறதா என்றே தெரியாது. நம் பராமரிப்பில் நேர்ந்த பிழை என்று நாம் வெட்கப்படுகிறோம். ஆனால் மீன்தொட்டி என்ற ஒன்று உருவானதே இந்தப் பாசியோடு நடந்த ஒரு சிறு போராட்டத்தில்தான்.

தாவரங்கள் கெட்ட காற்றைச் சீராக்குகின்றன என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1770களில் கண்டறிந்தார். அதற்குச் சூரிய ஒளி தேவை என்று 1779இல் யான் இங்கன்ஹவுஸ் காட்டினார். இவ்விரு உண்மைகளையும் ஒரு கண்ணாடிக் கலத்துக்குள் இணைத்துப் பார்க்க முயன்றவர்களுள் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் முக்கியமானவர். 1841இல் அந்நகரில் வேதியியல் கழகம் உருவாவதற்கு முதன்மைக் காரணமாக இருந்தவரும் அவரே.

1849இல் அவர் 12 காலன் கொள்ளும் கலம் ஒன்றைப் பாதியளவு நீரால் நிரப்பினார். அடியில் மணலும் சேறும் சில கற்களும். அதில் நாடா போன்று நீண்ட இலைகளுள்ள வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடி. இரண்டே இரண்டு சிறு பொன்மீன்கள். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி தரும் உயிர்வளியை மீன் எடுத்துக்கொள்ளும். வேதியியலாளரின் மனத்துக்கு இது இருபுறமும் சமமான ஒரு சமன்பாடு.

சமன்பாடு சில காலம் நின்றது. பிறகு முதிர்ந்த இலைகள் அழுகத் தொடங்கின. நீர் கலங்கியது. இலைகளிலும் கண்ணாடியிலும் வழவழப்பான நூற்பாசி படர்ந்தது. இப்படியே விட்டால் மீன்கள் பிழைக்கமாட்டா என்பது அவருக்குத் தெரிந்தது. குளங்களில் இந்த அழுகலை யார் அகற்றுகிறார்கள் என்று யோசித்த அவர், சில குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து கலத்தில் விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் மேய்ந்து தீர்த்தன; நீர் தெளிந்தது. அவை இட்ட முட்டைகள் பொன்மீன்களுக்கு உணவாயின. 1850இல் அவர் இதை வேதியியல் கழகத்தில் கட்டுரையாக முன்வைத்தார். விலங்குலகும் தாவர உலகும் என்று இரண்டாக வகுக்கப்பட்டிருந்த ஒரு சமன்பாடு நத்தையால்தான் நிறைவடைந்தது என்பது நமக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அதன்பின் வந்தது ஒரு பித்து. பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845இலேயே நீங்கியிருந்தது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் தம் நூலை வெளியிட்டார். வரவேற்பறைகளின் சன்னலோரங்களில் தொட்டிகள் வந்து அமர்ந்தன. பிழை அங்கேதான் நிகழ்ந்தது. குளத்துக்கு ஒளி மேலிருந்து மட்டுமே வருகிறது. சன்னலோரத் தொட்டிக்கோ பக்கவாட்டிலிருந்தும் வருகிறது. வாரிங்டன் இதை விரைவில் உணர்ந்து, பின்பக்கம் சரிந்து ஒளி மேலிருந்தே விழும்படியான தொட்டியை வடிவமைத்தார். காஸோ தம் கடல்நீர்த் தொட்டியில் கடல்நத்தை ஒன்று பாசியைச் சுரண்டுவதை உருப்பெருக்கியால் பார்த்து, அதன் நாக்கின் தடத்தைப் புல்லறுப்பவனின் அரிவாள் வீச்சுகளுக்கு ஒப்பிட்டு எழுதினார். பாசியை வெறுத்த காலத்தில் பாசி மேய்தலை இவ்வளவு பரவசத்தோடு பார்த்த கண் வேறெதுவும் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

நூல்களில் நிலைத்ததென்னவோ 'சமநிலை' என்ற சொல்தான். செடியும் மீனும் நத்தையும் இருந்தால் போதும், தொட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்பினர். வாரிங்டனின் கலத்தில் இருந்தவை இரண்டு மீன்கள் என்பதை மறந்தனர். நாம் அள்ளிப்போடும் தீனி ஒவ்வொன்றும் வெளியிலிருந்து வரும் உரம். அது நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் தங்குகிறது. செடி எடுத்தது போக மிஞ்சுவதைப் பாசி எடுத்துக்கொள்கிறது. வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்று, விளக்கை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதே, தீனியைக் குறை, விரைந்து வளரும் செடிகளை நெருக்கமாக நடு என்று இன்று சொல்லப்படுவதெல்லாம் அந்த மிச்சத்தைக் குறைக்கும் வழிகளே. பாஸ்பேட்டை மட்டும் பற்றாக்குறையாக வைத்தால் பாசி ஒடுங்கும் என்று 1996இல் பால் சியர்ஸும் கெவின் கான்லினும் வாதிட்டனர். பின்வந்தவர்கள் பாஸ்பேட்டைத் தாராளமாக இட்டும் பாசியற்ற தொட்டிகளை வளர்த்துக் காட்டினார்கள். அந்த விவாதத்துக்குள் நாம் இங்கே நுழையவில்லை.

நத்தையின் இடத்துக்கு இறால் வந்த கதை ஜப்பானுடையது. அங்கே செடித்தொட்டிக் கலையை வளர்த்த தகாஷி அமானோ 1980களில், பாசியைச் சலிக்காமல் மேயும் ஒரு சிறு நன்னீர் இறாலைப் பரவலாக்கினார். இன்று உலகெங்கும் அது அவர் பெயராலேயே விற்கப்படுகிறது. நத்தையைவிடத் திறமையான மேய்ச்சல்காரன்தான். ஆனால் அதன் குஞ்சுகள் உப்புக் கலந்த நீரில் மட்டுமே வளரும்; நன்னீர்த் தொட்டியில் பொரிந்தவை சில நாட்களில் இறந்துபோகும். வாரிங்டனின் நத்தைகள் முட்டையிட்டுத் தம் இனத்தையும் மீன்களையும் ஒருசேரப் பேணின. இறால்கள் தீர்ந்ததும் நாம் மீண்டும் கடைக்குப் போகிறோம்.