பண்டைய எகிப்தின் உருவங்களும் முஸ்லிம் அறிஞர்களின் பார்வையும்

பண்டைய எகிப்து என்றதும் நம் உள்ளத்தில் முதலில் எழுவது பிர்அவ்னின் செருக்கும் அவனது அழிவுமே ஆகும். இறைமறை வழியே நாம் அறிந்த எகிப்து அது. அந்நாடே ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் கல்லிலும் வண்ணத்திலும் தன் சமயத்தைத் தீட்டி வைத்த நாடுமாகும்.

அவ்வோவியங்களில் முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்க, கண்ணும் தோள்களும் நேரே நம்மை நோக்குகின்றன. இதனைத் திறமைக் குறைவெனக் கருதுதல் தவறு. ஒவ்வோர் உறுப்பும் தெளிவாகப் புலப்படும் கோணத்திலேயே வரையப்பெற வேண்டும் என்பது அவர்தம் விதி. கல்லறைச் சுவரில் உள்ள உருவம் அவர்களுக்கு வெறும் அலங்காரமன்று. இறந்தவனுக்கு மறுவுலகில் பயன்பட வேண்டியது. நிற்கும் மனித உருவத்தை உள்ளங்கால் முதல் நெற்றியின் மயிரெல்லை வரை 18 கட்டங்களாகப் பகுத்து வரைந்தனர். ஒசைரிஸின் முகத்திற்கு, முளைத்தெழும் பயிரின் பச்சை நிறத்தைத் தீட்டினர். இறந்தவனின் இதயத்தைத் தராசில் இட்டு, நீதியின் இறகுக்கு எதிரே நிறுக்கும் காட்சி நம்மை வியக்க வைக்கிறது. மறுமைக் கணக்கைப் பற்றிய ஓர் உணர்வு அம்மக்களிடம் இருந்திருக்கிறது. ஆனால் தராசின் அருகே நிற்பவர்களோ நரித்தலையும் அரிவாள்மூக்கன் பறவையின் தலையும் கொண்ட தெய்வங்கள்!

கி.பி. 641இல் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் படை பாபிலோன் கோட்டையைக் கைப்பற்றியது. சிலை வணக்கத்தை அடியோடு மறுக்கும் மார்க்கத்தின் அறிஞர்கள் இவ்வுருவங்களை எவ்வாறு நோக்கினர்? ஒன்று புறக்கணித்தனர், அல்லது உடைத்தனர் என்பதே மேலைநாட்டார் பலரின் எண்ணம். நம்மவருள்ளும் சிலர் அதனைப் பெருமையாக ஏற்றுக்கொள்வதுதான் வருந்தத்தக்கது.

1183இல் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் நைல் நதியோரமாகப் பயணித்த அந்தலூசிய அறிஞர் இப்னு ஜுபைர், அக்மீம் நகரின் பழங்கோயிலுக்குள் சென்றார். அதன் தூண்களையும் கூரையையும் வண்ணங்களையும் விரிவாக வருணித்தார். சிறகு விரித்த பறவைகள் இதோ பறந்துவிடும் என்று தோன்றுமளவுக்குத் தீட்டப்பட்டிருந்தனவாம். இஹ்ராமை நோக்கிச் செல்லும் ஒருவரின் கண்கள் அவை என்பதை நாம் மறத்தலாகாது. பின்னாளில் அக்கோயிலின் கற்கள் பிற கட்டடங்களுக்காகப் பெயர்க்கப்பட்டன. அதன் தோற்றத்தை அறிய அவர் போன்றோரின் எழுத்துகளே இன்று துணை.

அவரினும் நுட்பமாக நோக்கியவர் மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல் பக்தாதி (1162–1231). மெம்ஃபிஸ் நகரச் சிலைகளை ஓர் உடற்கூற்று வல்லுநரின் கண்ணோடு ஆராய்ந்தார். எகிப்தில் தம்மை மிகவும் கவர்ந்தது யாதென வினவியவருக்கு, அபுல் ஹவ்ல் என அரபியர் அழைக்கும் ஸ்பிங்க்ஸின் முகப் பொருத்தமே என விடையளித்தார். அத்துணைப் பெரிய உருவில் கண், மூக்கு, காது ஆகியவற்றின் அளவைச் சிற்பி பிசகாது காத்ததே அவரது வியப்புக்குக் காரணம். இத்தகைய சின்னங்கள் முற்காலத்தவரின் வரலாற்றுக்குச் சான்று என்பதால் அவற்றைக் காத்தல் வேண்டும் என்றும் எழுதினார். அவரது நூலின் பெயரிலேயே ‘இஃதிபார்’, அதாவது படிப்பினை பெறுதல், என்னும் சொல் அமைந்துள்ளது.

அழிவுகளும் நேர்ந்தன; அவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. சுல்தான் ஸலாஹுத்தீனின் மகன் அல் மலிக்குல் அஸீஸ், சிறிய பிரமிடை இடிக்க ஆட்களை ஏவினார். எட்டு மாதங்கள் உழைத்தும் ஒரு பக்கத்தைச் சிதைத்ததே மிச்சம். அதை நேரில் கண்ட பக்தாதி, ஆயிரம் தீனார் தந்தால் ஒரு கல்லையேனும் மீண்டும் அதன் இடத்தில் பொருத்த முடியுமா என மேற்பார்வையாளனைக் கேட்டார். அதைப்போல் பன்மடங்கு தந்தாலும் இயலாது என்றான் அவன்.

ஸ்பிங்க்ஸின் மூக்கை நெப்போலியனின் பீரங்கி சிதைத்தது என்பது வெறுங்கதை. அவர் வந்தது 1798இல். 1737இல் டென்மார்க்கைச் சேர்ந்த நோர்டன் வரைந்த படத்திலேயே மூக்கு இல்லை. ஹிஜ்ரி 780 (கி.பி. 1378) அளவில் ஸாயிமுத் தஹ்ர் என்னும் சூஃபி ஒருவர் அம்முகத்தைச் சிதைத்தார் என வரலாற்றாசிரியர் மக்ரீஸி குறித்துள்ளார். அதற்குப் பின்னரே கீஸாவின் வயல்களை மணல் மூடத் தொடங்கியது என்று அப்பகுதி மக்கள் நம்பியதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். அம்முகம் முழுமையாக இருந்த நாளில் அதன் அழகை எழுதி வைத்தவர், குர்ஆனும் ஹதீஸும் கற்பித்து வாழ்ந்த பக்தாதி மருத்துவர்தாம்.