தைமஸ் சுரப்பி: ஒரு நூற்றாண்டுப் பிழையின் வரலாறு

நெஞ்செலும்பின் பின்னே, இதயத்திற்குச் சற்று மேலே அமைந்திருப்பது தைமஸ் சுரப்பி. பிள்ளைப் பருவத்தில் பெருத்திருக்கும் இச்சுரப்பி, பூப்புப் பருவத்திற்குப்பின் சிறுத்து, முதுமையில் பெரும்பகுதியும் கொழுப்பாகிவிடும். வயது ஏற ஏற இது சிறுப்பதைக் கிரேக்க மருத்துவர் கேலன் 2-ஆம் நூற்றாண்டிலேயே குறித்துச் சென்றார். எனினும், எந்த வயதில் எவ்வளவு இருத்தல் இயல்பு என்பதை அறியாமையால், மருத்துவ உலகம் நூறாண்டுக் காலம் பெரும்பிழை இழைத்தது.

உடற்கூறு பயில அக்காலத்தில் கிடைத்த பிணங்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. பிரிட்டனில் 1832-ஆம் ஆண்டுச் சட்டம், ஏழையர் விடுதிகளில் இறந்து, உரியவர் எவரும் கேளாத உடல்களை மருத்துவக் கல்விக்கு அளித்தது. நெடுநாட் பசியும் பிணியும் தைமஸைச் சுருக்கிவிடும். சுருங்கிய அதனையே மருத்துவர் இயல்பெனக் கொண்டனர். ஆகவே, நலமுடன் இருந்து திடீரென இறந்த குழந்தையிடம் உண்மையில் இயல்பான தைமஸைக் கண்டபோது, அது மிகையாக வளர்ந்து மூச்சை அடைத்தது என்றனர். 1830-ஐ ஒட்டி ஜெர்மானிய மருத்துவர் கோப் 'தைமஸ் ஈளை' என்றொரு நோயைக் கூறினார். 1889-இல் வியன்னாவின் பால்டாஃப், அஃது உடலமைப்பிலேயே உள்ள குறை என்றார்.

இல்லாத நோய்க்கு மருந்தும் வந்தது. 1907-இல் அமெரிக்காவில் குழந்தைகளின் தைமஸ்மீது ஊடுகதிர் பாய்ச்சும் முறை தொடங்கிற்று. பின்னர் அது பரவியது. இத்தகைய நோய்நிலைக்குச் சான்றில்லை என 1931-இல் பிரிட்டிஷ் ஆய்வுக்குழு அறிவித்தும் பழக்கம் உடனே ஒழியவில்லை. 1950-இல் நியூயார்க்கின் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்டு இருவரும், கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியில் புற்றுநோய் கண்ட சிறுவர் சிலர் குழந்தைப் பருவத்தில் அக்கதிரைப் பெற்றவர் என வெளியிட்டனர்.

இதற்கிடையே, 1936-இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் செல்யே என்பார், குளிர், காயம், நஞ்சு முதலியவற்றால் துன்புற்ற எலிகளின் தைமஸ் விரைவில் சுருங்குவதைக் காட்டினார். 1961-இல் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் அகற்றப்பட்ட சுண்டெலிகள் நோயெதிர்க்கும் வெள்ளணுக்கள் குன்றி நலிவதையும், அயல் தோலையும் ஏற்பதையும் கண்டார். வளர்ந்த சுண்டெலியில் அகற்றினால் இக்கேடு உடனே தோன்றுவதில்லை. சுரப்பியின் முதன்மைப் பணியின் பெரும்பகுதி இளமையிலேயே நடந்துவிடுகிறது.

தைமஸில் மிகுதியாக உள்ள நொதிகளுள் ஒன்று அடினோசின் டிஅமினேஸ். அஃது இல்லாக் குழந்தைகள் நோயெதிர்ப்பாற்றல் அற்றிருப்பதை 1972-இல் கிப்லெட் அம்மையார் கண்டறிந்தார். நொதி இன்மையால் தேங்கும் பொருள்கள் வளரும் வெள்ளணுக்களை நஞ்சாக்கி அழிக்கின்றன.

இத்தகைய நொதிகளை எலியிடம் அளப்போர்க்கும் பழைய பிழை ஓர் எச்சரிக்கையாகும். முதிய எலியின் தைமஸில் கிராமுக்கு இவ்வளவு நொதியென அளந்து, அது குறைந்திருப்பின் ஒவ்வோர் அணுவும் ஆற்றல் இழந்ததெனக் கூறலாமா? கூறலாகாது. அணுக்களே குறைந்து, அவ்விடத்தைக் கொழுப்பு நிரப்பியிருக்கலாம். அணுவின் கணக்கு, எலியின் வயது, அது வளர்க்கப்பட்ட நிலை ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறித்தாலன்றி அவ்வளவை பொருள்படாது. இவற்றைக் குறியாது ஏழைகளின் உடலை அளவுகோலாக்கியதன் விலையைக் குழந்தைகள் கொடுத்தனர்.